ஜபலாவுக்கு ஒரு ப்ராம்ப்ட்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்த எவருக்கும் ப்ராம்ப்ட் எழுதுவது, அதாவது வேண்டியதை ஏஐயிடம் எழுத்தில் கேட்பது, புது வித்தை இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பையர், தன் மனதில் உள்ள ஒரு டி-சர்ட்டைத் தாளில் எழுதி அனுப்புவார். டெக் பேக் என்போம். என்ன துணி, எத்தனை ஜிஎஸ்எம், நெஞ்சளவு, கை நீளம், கழுத்துக்கு ரிப்பா அதே துணியா, பிரிண்ட் தோள் தையலிலிருந்து எத்தனை செ.மீ. கீழே, நிறத்துக்கு எந்த பான்டோன் எண், அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். எழுதாமல் விட்ட இடத்தை கட்டிங் மாஸ்டரோ டெய்லரோ தமக்குப் பழகினபடி நிரப்பிக்கொள்வார்கள். ஷிப்மென்ட் சிக்குவது பெரும்பாலும் அந்த எழுதாத இடத்தில்தான்.

1970களின் கடைசியில் இத்தாலிக்கு வெள்ளை டி-சர்ட் போன காலத்திலிருந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி என்று இன்று பேசப்படுகிற காலம் வரை, பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி ஒரு துணியை எழுத்தில் சொல்லும் வேலையைத் திருப்பூர் செய்துகொண்டே வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்து, அதனிடம் எப்படிக் கேட்பது என்று கற்றுத்தர வகுப்புகள் முளைத்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வகுப்பு தேவையில்லை. தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்ற தைரியம்தான் தேவை.

என் அக்காவின் தையல் யூனிட் குண்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாராபுரத்திலிருந்து பல்லடம் போகும் வழியில் வருகிற ஊர். மழை குறைந்த பூமி. மானாவாரிச் சோளம், சின்ன வெங்காயம், ஆடு, எருமை, நடுநடுவே நூற்பாலைகள், காற்றாலைகள். விடிவதற்கு முன் கம்பெனி வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அப்படிப் போய்வர முடியாத பெண்கள் சிலர் அக்காவிடம் தைக்கிறார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துவந்த யூனிட் அது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது மேலே இருந்தவர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள்; அந்த அடி ஒவ்வொரு படியாக இறங்கி எங்கள் ஓவர்லாக் மெஷின் வரை வந்தது. அப்போதுதான் அக்கா சொந்தச் சரக்கு போட்டது. கைக்குழந்தைகளுக்கான ஜபலா, கவுன், டவுசர். விற்பது வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும். போன் வேலை அக்கா மகளுடையது. தாராபுரத்தில் பி.காம் படிக்கிற பெண்.

ஒரு நாள் அவள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். “மாமா, எல்லாம் நல்லாத்தான் எழுதுது. ஆனா நம்ம துணி மாதிரியே இல்லீங்க.”

அவள் ஏஐயிடம் கேட்டிருந்தது ஒரே வரி: குழந்தைகள் துணிக்கு இன்ஸ்டாகிராம் போஸ்ட் எழுதிக் கொடு. வந்திருந்தது உலகத்தில் எந்த ஊர்க் கடைக்கும் பொருந்துகிற பதில். உங்கள் செல்லத்துக்கு மென்மையான அரவணைப்பு, ஒவ்வொரு தருணமும் சிறப்பு, நடுவில் இதயப் படங்கள். படம் கேட்டதற்கு, வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று மரத் தொட்டிலில் படுத்திருந்தது. போட்டிருந்தது ஜபலாவே இல்லை. தொடைக்கு நடுவே பட்டன் வைத்த வெளிநாட்டு மாடல். மேலே போட்ட தமிழ் எழுத்துக்கள் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன.

தவறு அந்த ஏஐ மெஷினுடையது என்று நான் சொல்ல மாட்டேன். டெக் பேக் இல்லாமல் ஆர்டர் கொடுத்தால் எந்த யூனிட்டும் இப்படித்தான் சரக்கு அனுப்பும். அவளை அழைத்துக்கொண்டு ஓவர்லாக் மெஷினுக்குப் போனேன். அங்கே தைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவர். ஜபலாவில் ஏன் பட்டன் இல்லை, ஏன் கயிறு என்று கேட்டேன். மெஷினிலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்:

“பட்டன் வெச்சா படுக்கறப்ப உறுத்துமுங்க தம்பி. கவுறுன்னா கொழந்தை வளர வளரத் தளத்திக் கட்டிக்கலாம். மூணு மாசத்துக்கு எடுத்தது ஆறு மாசம் வரைக்கும் வருமுங்க. தலை வழியா மாட்டற துணின்னா பச்சக் கொழந்தைக்குக் கழுத்து நிக்காது, பயமா இருக்கும்.”

அக்கா மகள் இதை அப்படியே போனில் தட்டச்சு செய்தாள். கூடவே துணியின் விவரம்: இன்டர்லாக், 180 ஜிஎஸ்எம், கோம்டு காட்டன். தையலின் மடிப்பு உடம்பில் படாமல் வெளிப்பக்கம் வரும்படி தைத்தது. வாங்குவது யார்? பெரும்பாலும் குழந்தையின் அம்மா இல்லை, அத்தையோ பாட்டியோ. அவர்களுக்குப் புரியும் பேச்சில், நான்கு வரியில், பெரிய வார்த்தை எதுவும் இல்லாமல் வேண்டும். இப்போது வந்த பதிலில் பாதியை அப்படியே போடலாம்போல் இருந்தது. மீதியை அடித்துவிட்டு, அந்த அக்கா சொன்ன ‘தளத்திக் கட்டிக்கலாம்’ என்பதையே தலைப்பாக வைத்தோம். போஸ்டைப் பார்த்துப் பேசியவர்கள் கேட்டதும் அந்தக் கயிற்றைப் பற்றித்தான்.

ப்ராம்ப்ட் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே இருக்கிறது. நல்ல கேள்வி போனில் பிறப்பதில்லை. தைக்கிற இடத்தில், துணியைத் தொட்டுப் பழகியவரின் வாயில் இருக்கிறது. அதை வாங்கி எழுதுகிறவருக்குத்தான் இந்தக் கருவி உதவும்.

திட்டம் போட்டுத் தருவதில் அதற்குக் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஒரு மாதத்துக்கு என்னென்ன போடலாம் என்று கேட்டால் கட்டம் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் அந்தக் கட்டத்தில் நம் ஊர் இருக்காது. காதலர் தினம் இருந்தது, பிளாக் ஃப்ரைடே இருந்தது. திருப்பூரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும் என்பதும், குண்டடம் சந்தை கூடுவதும் அதே சனிக்கிழமைதான் என்பதும் இல்லை. பணம் புரள்கிற பொழுது சனி சாயங்காலமும் ஞாயிறும்தான். போஸ்ட் அப்போதுதான் போக வேண்டும். தீபாவளிக்கு முன் போனஸ் வருகிற வாரம் எது, ஊரே கிளம்பிப் போய்விடுகிற பொங்கல் வாரம் எது என்பதையும் நாங்கள்தான் சொன்னோம்.

இன்னொன்று. ‘பிரசவத்துக்கு முன்பே தயாராகுங்கள்’ என்று ஒரு தலைப்பை அது ஆசையாக எழுதிக் கொடுத்திருந்தது. அக்கா படித்ததும் முகம் மாறிவிட்டது. பிறப்பதற்கு முன்னால் துணி எடுத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். முதலில் சுற்றுவது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியும் சேலையும்தான். புதுத்துணி அப்புறம் வரும், பெரும்பாலும் பார்க்க வருகிறவர்கள் கையில். இந்த வழக்கத்தை எழுதிக் கொடுத்ததும் மெஷின் திட்டத்தையே மாற்றிப் போட்டது: குழந்தை பார்க்கப் போகிறவர்களுக்கு, தொட்டில் போடும் நாளுக்கு, பேர் வைக்கும் நாளுக்கு என்று. சொன்னால் கேட்டுக்கொள்கிறது. சொல்லாவிட்டால், தான் அதிகம் படித்த ஊரின் வழக்கத்தை நம் ஊருக்குப் போட்டுவிடுகிறது.

இவை எல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை. எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறு. காட்டன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது ‘ஆர்கானிக் காட்டன்’ என்று திருப்பித் தருகிறது. கேட்காமலே ‘டாக்டர்கள் பரிந்துரைப்பது’ என்று சேர்க்கிறது. ‘துவைத்தால் சுருங்கவே சுருங்காது’ என்கிறது. படிக்க அழகாக இருப்பதால் யாரும் அடிப்பதில்லை. ஆனால் ஆர்கானிக் என்ற சொல்லுக்குப் பின்னால் பஞ்சு விளைந்த காட்டிலிருந்து தையல் வரைக்கும் தொடரும் ஜிஓடிஎஸ் போன்ற சான்றிதழ் வேண்டும் என்பது திருப்பூரில் சின்ன மெர்ச்சண்டைசருக்கும் தெரியும். பின்னலாடையில் 5 சதவீதம் வரை சுருக்கத்தைப் பையர்களே ஏற்றுக்கொள்கிறார்கள்; சுருங்கவே சுருங்காது என்று எந்தக் காம்பாக்டிங் யூனிட்டும் எழுதித் தராது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இயற்கைக்கு உகந்தது என்று ஆதாரம் இல்லாமல் சொல்வதைத் தடுக்க 2024 அக்டோபரில் தனியாக வழிகாட்டு நெறிகளும் வந்திருக்கின்றன. ‘அப்படி எழுதியது ஏஐ’ என்று சொல்லித் தப்ப முடியாது. போட்டது நம் பெயரில்.

குண்டடத்தில் இதற்குச் சட்டப் புத்தகம் வரை போக வேண்டாம். கொங்கு வடுகநாதர் கோயில் கதையே போதும். மிளகு மூட்டை ஏற்றிப் போன வணிகர் ஒருவர், மூட்டையில் என்ன என்று கேட்டதற்குப் பாசிப்பயறு என்று பொய் சொன்னாராம். போய் அவிழ்த்தால் மிளகெல்லாம் பயறாக மாறிக் கிடந்ததாம். அஷ்டமிக்கு அந்தக் கோயிலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த கதை. மூட்டைக்குள் ஒன்று, வாயில் ஒன்று என்றால் வியாபாரம் நிற்காது என்பதைச் சரக்கு வண்டிகள் போகிற பாதையில் இருக்கும் ஓர் ஊர் இப்படி நினைவில் வைத்திருக்கிறது.

படத்துக்கும் இதையேதான் சொல்வேன். பெரிய கம்பெனிகள் இந்த வழியில் வேகமாகப் போகின்றன. ஏஐ மாடல்களைச் சோதிக்கப்போவதாக லீவைஸ் 2023 மார்ச்சில் சொன்னபோது கடும் எதிர்ப்பு வந்தது. 2025 ஆகஸ்ட் ‘வோக்’ இதழில் கெஸ் நிறுவன விளம்பரத்தில் இருந்த பெண் முழுக்க மெஷின் வரைந்தவர் என்று தெரிந்ததும் வாசகர்கள் கோபப்பட்டார்கள். சின்ன யூனிட்டுக்கு இந்த ஆசை இன்னும் அதிகம், காரணமும் நியாயமானது: போட்டோகிராபருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, கைக்குழந்தையை விளக்குக்கு முன்னால் படுக்கவைக்க எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டாள். இரண்டு வரி எழுதினால், கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு வைத்துத் தூளியில் சிரிக்கிற குழந்தை நொடியில் வந்துவிடும். இப்போது அது நன்றாகவும் வருகிறது.

ஆனால் அந்தக் குழந்தை நம் ஜபலாவைப் போட்டுக்கொண்டதில்லை. அந்தத் துணி எந்த நிட்டிங் மெஷினிலும் ஓடவில்லை. அதன் நிறம் எந்த டையிங்கிலும் ஏறவில்லை. அதைப் பார்த்துப் பணம் கட்டுகிற ஒரு பாட்டி, பார்சலைப் பிரித்ததும் வேறொன்றைப் பார்ப்பார். திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலுக்கும் போகவர கூரியர் கூலி யூனிட்டின் தலையில் விழும். நாலு ஜபலா விற்ற லாபம் ஒரு ரிட்டனில் போய்விடும். 2026 பிப்ரவரியிலிருந்து செயற்கையாக உருவாக்கிய படங்களுக்கு அடையாளம் இட வேண்டும் என்று ஐடி விதிகளிலும் வந்துவிட்டது. அடையாளம் போட்டாலும் என் கருத்து மாறாது. பண்டிகை வாழ்த்துக்கு, பின்னணிக் கோலத்துக்கு, எந்தக் கோணத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க, மெஷின் வரைந்த படம் போதும். விற்கிற துணிக்கு விற்கிற துணியின் படம்தான் வேண்டும்.

நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். காலை பத்து மணிக்குள் கதவோரத்து வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்து, ஜபலாவைப் பரப்பி, பக்கத்தில் இஞ்ச் டேப்பை வைத்துப் படம் எடுக்கிறாள் அக்கா மகள். ஒரு படம் முன்பக்கம், ஒன்று உள்பக்கத் தையல். தமிழ் எழுத்தை மெஷினிடம் விடாமல் தானே தனியாகத் தட்டச்சு செய்து ஒட்டுகிறாள். கயிறு கட்டிக் காட்டும் வீடியோவில் இருப்பது ஓவர்லாக் அக்காவின் கைகள். முகம் வேண்டாம் என்று அவர் சொன்னார், வரவில்லை.

குண்டடம், பொங்கலூர், மூலனூர் பக்கம் ஐந்தாறு மெஷின் போட்டு யூனிட் நடத்துகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ப்ராம்ப்ட் விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். உங்களிடம் தைக்கிறவரிடம் போய், இதை ஏன் இப்படித் தைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதை மெஷினிடம் கொடுத்து, வந்ததில் நீங்கள் சொல்லாத சொல் ஒன்று இருந்தாலும் அடித்துவிடுங்கள். பிறகு, அந்த போஸ்டை முதலில் அந்த டெய்லருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்னால் போடுங்கள்.