பெண் கடலை நம்பினேன்!

போன டிசம்பரில் குடும்பத்தோடு தனுஷ்கோடி. பஸ்ஸிலேயே மனைவியிடமும் ஆறு வயசுப் பையனிடமும் என் மேதாவிலாசத்தை அவிழ்த்துவிட்டேன். "வடக்கே பாக் விரிகுடா. இங்கே 'பெண் கடல்'னு சொல்வாங்க. பரம சாது. தெற்கே மன்னார் வளைகுடா, 'ஆண் கடல்'. முரடு!"

அரிச்சல்முனையில் இறங்கினால், தெற்குக் கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடக்கிறது. வடக்கே ஒரே கலங்கல், குமுறல்.

"மாத்திச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

தப்பான ஃபைலை நீட்டிவிட்டு ஆபீஸில் சமாளிக்கும் அதே முகத்தோடு, "சும்மா பயமுறுத்துது... சாதுதான்" என்று பையன் கையைப் பிடித்துக்கொண்டு வடக்கே முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.

ஒரே அலை. காலடி மணல் உருவிக்கொண்டு போனது. பையன் கை நழுவியது.

கரையில் வலையோடு நின்ற பெரியவர் பாய்ந்து வந்து அவனை அள்ளித் தூக்கினார். நான் மூக்கில் உப்புத் தண்ணியோடு எழுந்தேன்.

"யாரு தம்பி சாதுன்னு சொன்னது? இது வாடைக் காத்து. வாடைக்கு வடகடல் ஆடும், தெக்க அடங்கிக் கெடக்கும். கச்சான் காத்து வரட்டும், அப்படியே தலைகீழ்!"

விஷயம் இதுதான் சார். தனுஷ்கோடி, கடலுக்குள் சுவர் மாதிரி நீளும் மணல் திட்டு. அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்குக் காற்று வடக்குப் பக்கம் மோதும். தெற்குப் பக்கம் சுவரின் மறைவில் தூங்கும். தென்மேற்குக் காற்றில் நேர் எதிர். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம். காற்று பலமாக அடித்தால் அலை அடிமண் வரை கிளறிவிடும். அதான் அந்தக் கலங்கல். வாடையில் வடக்குத் தண்ணீர் பாம்பன் இடுக்கு வழியாகத் தெற்கே பாயும். கச்சானில் தெற்கிலிருந்து வடக்கே வரும்.

கலங்குவதும் கெடுதல் இல்லை. காற்றே இல்லாமல் கிடந்தால் மேல்தண்ணீர் சூடேறிவிடும். 2016 கோடைச் சூட்டில் இந்த இரண்டு கடல்களிலுமே பவளப்பாறைகள் வெளுத்துப் போயின.

கடலுக்குச் சாது, முரடு என்று நிரந்தர குணம் கிடையாது. கரை எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது... அவ்வளவுதான். இது தெரியாமல் போனதற்கு, கை நழுவிய அந்த நொடி இன்னும் பாதி ராத்திரியில் என்னை எழுப்பிவிடுகிறது.

நேற்று ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பையன், "நம்ம மேனேஜர் ரொம்ப சாது சார்" என்றான்.

"எந்த மாசம் பார்த்தே?" என்றேன்.