கொழும்பில் ஒரு கோதாவைத் தேடி

கொழும்பு மாநகரில் தமிழ் ஒலி மிகுந்து கேட்கும் பகுதிகள் எவை என்று வினவினால், தெற்கே வெள்ளவத்தையையும் வடக்கே கொட்டாஞ்சேனையையுமே எவரும் முதலிற் சொல்வர். ஒன்றில், காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடையே நெருங்கி எழுந்த மாடிவீடுகள். மற்றதில், கோயிற் கோபுரங்களும் தேவாலயங்களும் அடுத்தடுத்து நிற்கும் பழைய தெருக்கள். இரண்டிலும் விளையாட வெளி குறைவு, சங்கங்களுக்கோ பஞ்சமில்லை. 1942இல் தோன்றிய தமிழ்ச் சங்கம் உண்டு. பாடசாலையே நிறுவிய சைவ மங்கையர் கழகம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் பலவற்றின் பழைய மாணவர் சங்கங்களும் இங்கே கிளை பரப்பியுள்ளன. இத்தனை சங்கங்கள் வாழும் ஊரில் மாணவருக்கென ஒரு மல்யுத்தக் கழகம் நடத்த இடமுண்டா என்று பார்க்கும் ஆவலுடன், ஒரு மாலைப்பொழுதில் வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டோம்.

"மல்யுத்தமா? அது பயில்வான்களின் வேலையல்லவா!" என்று தாய்மார் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். கிங்காங், தாராசிங் என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு மல்யுத்தம் என்றால் கயிறு கட்டிய மேடையும் கர்ச்சனையுந்தான். மாணவர் பயிலும் மல்யுத்தம் வேறு. அங்கே கயிறும் இல்லை, மேடையும் இல்லை. ஒன்பது மீற்றர் விட்டமுள்ள வட்டம் வரைந்த ஒரு மெத்தை. மூன்று நிமிடங்கள் கொண்ட இரு சுற்றுகள். எதிரியின் இரு தோள்களையும் மெத்தையிற் பதித்துவிட்டால் வெற்றி. அடிப்பதும் குத்துவதும் குற்றம். எல்லாவற்றிலும் மேலாக, எடைப் பிரிவு என்ற நீதி ஒன்று அங்குண்டு. கூடைப்பந்தாட்டத்தில் குள்ளமான பிள்ளை ஓரத்தில் நின்று கைதட்ட வேண்டியதுதான். மல்யுத்தத்திலோ மெலிந்த பிள்ளைக்கு மெலிந்த பிள்ளையே எதிரி.

இது நமக்குப் புதிதும் அன்று. ஆமூர் மல்லனோடு சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வென்றதைப் புறநானூறு பேசுகிறது. அவன் தந்தை தித்தனோடு பகைத்துப் பிரிந்திருந்த காலம் அது. மகனின் போர்த்திறத்தைத் தந்தை காணவேண்டுமே என்று ஏங்குகிறார் பாடிய சாத்தந்தையார். இக்காலத்திலும் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்க மைதானத்துக்கு வரும் தந்தையரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது நம் எண்ணம். பெண்பிள்ளைகளைப் பெற்றோருக்கும் ஒரு செய்தி: 2022ஆம் ஆண்டு பர்மிங்காமில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், மகளிர் மல்யுத்தம் 57 கிலோ பிரிவில் இலங்கைக்கு வெண்கலப் பதக்கம் பெற்றுத் தந்தவர் நெத்மி பொருதொட்டகே என்ற பதினெட்டு வயது மங்கை.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் இராமகிருஷ்ண மிஷனின் ஆச்சிரமம் வருகிறது. வாயிலில் நின்றபோது, விவேகானந்தரை நாம் எப்போதும் கைகட்டி நிற்கும் துறவியாகவே நினைவு கொள்கிறோம் என்பது மனத்திற் பட்டது. கல்கத்தாவில் நரேந்திரன் என்ற கல்லூரி மாணவராக இருந்த நாட்களில் அவர் தேகப்பயிற்சிச் சாலைக்கும் அம்பு குஹா என்பாரின் மல்யுத்தக் கோதாவுக்கும் சென்று பயின்றவர். அந்த அம்பு குஹாவின் பேரர் கோபர் குஹா 1921இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் அட் சான்டெல் என்ற புகழ்பெற்ற மல்லரை வென்றார். எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய மண்ணில் புரண்டவர்களே அன்று வங்கத்தில் நூல்களையும் கற்றார்கள். ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

பஸ் வண்டி பம்பலப்பிட்டியைக் கடந்தது. 1951இல் இங்கே ஓர் இந்துக் கல்லூரி எழக் காரணமாயிருந்தது இந்து வித்தியா விருத்திச் சங்கம். ஆகவே, சங்கம் ஒன்று கல்லூரியையே உண்டாக்க வல்லது என்பதற்குக் கொழும்பில் சான்று தேட வேண்டியதில்லை. ஒரு மல்லனை உண்டாக்க எவ்வளவு வேண்டும் என்பதற்குச் சான்று இந்தியாவின் கோலாப்பூரில் இருக்கிறது. அங்கே இராஜாராம் கல்லூரியில் பயின்ற கஷாபா ஜாதவ் 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றார். நான்கு ஆண்டுகளின் பின் ஹெல்சிங்கிக்குச் செல்ல வழிச்செலவுக்குப் பணமில்லை. ஊரார் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள், போதவில்லை. கல்லூரி அதிபர் கார்டிக்கர் தமது வீட்டை ஏழாயிரம் ரூபாவுக்கு ஈடுவைத்துக் கொடுத்தார். ஜாதவ் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனியொருவர் பெற்றுத் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்தது கிடைக்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதக்கம் பெற்றவரின் பெயரை ஏடுகள் சொல்கின்றன. வீட்டை ஈடுவைத்த அன்று அதிபரின் மனைவியார் என்ன சொன்னாரோ, அதை எழுதிவைப்பார் இல்லை.

எல்லாரும் வீட்டை ஈடுவைக்க வேண்டும் என்பதல்ல. மல்யுத்தம் கல்லூரி விளையாட்டாக வேரூன்றிய அமெரிக்காவில் 1928 முதல் கல்லூரிகளுக்கிடையே தேசியப் போட்டி நடந்துவருகிறது. பிற்காலத்தில் பல கல்லூரிகள் பணச் சிக்கனம் கருதித் தங்கள் அணிகளைக் கலைத்துவிட்டன. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே சந்தா சேர்த்துக் கழகம் அமைத்தார்கள். அத்தகைய கழகங்களை ஒன்றுசேர்த்துப் போட்டி நடத்துவதற்கென 1997இல் ஒரு சங்கமே தோன்றியது. பெரிய கல்லூரியின் தயவு இல்லாமலும் மெத்தை விரிக்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள்.

கொட்டாஞ்சேனையில் இறங்கினோம். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் வீடுகளுக்கு மேலாகத் தெரிகிறது. அருகே 1865இல் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த சிவாலயமும் தொலைவில் இல்லை. விவேகானந்த மேட்டில் ஏறினால் விவேகானந்த சபை. அவர் மறைந்த 1902ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. சைவ சமய பாடப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் அதன் பெயரை அறிவார்கள்.

மேட்டில் நின்று சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தோம். போட்டிக்குரிய முழு மெத்தைக்குப் பன்னிரண்டு மீற்றர் சதுரம் வேண்டும். அதற்குரிய மண்டபம் இப்பக்கத்தில் எளிதில் அகப்படாது. பயிற்சிக்கோ அதிற் காற்பங்கு போதும். துண்டு துண்டாக அடுக்கிச் சுவரோரம் வைத்துவிட்டால் மறுநாள் அதே மண்டபத்தில் பண்ணிசை வகுப்பும் நடக்கலாம். அதன்பின் வேண்டியவை ஒரு தராசு, பழகிய ஓர் ஆசான், அவருக்குப் பஸ் செலவு, சுளுக்குப் பார்க்க ஒரு வைத்தியர், மாதந்தவறாமல் கணக்கெழுத ஒரு பொருளாளர். இறுதியிற் சொன்னவரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம் என்பதைச் சங்கங்களில் இருந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். பரிசளிப்பு விழாவுக்குப் பொன்னாடை வாங்கும் காசில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே முதல் மெத்தைத் துண்டு வந்துவிடும்.

நாம் நடந்த வழியில் கோதா எதுவும் கண்ணிற் படவில்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது, தனியார் வகுப்புக்குப் போகும் வழியில் இரு சிறுவர் புத்தகப் பைகளைப் படிக்கட்டில் எறிந்துவிட்டு, ஒருவர் தோளை மற்றவர் பற்றித் தள்ளிக்கொண்டிருந்தனர். இருவரும் ஏறக்குறைய ஒரே எடைதான் இருப்பார்கள்.