முட்டை ஊர்க்காரனும் பங்குனி ஆமையும்

சொந்த ஊரு நாமக்கல்லுன்னு சொன்னா அடுத்த கேள்வி, "அங்க முட்டை என்ன விலைங்க?" ஆஞ்சநேயர், மலைக்கோட்டை, லாரிக்கு பாடி கட்டறது எல்லாம் அதுக்கப்புறந்தான். கோபமெல்லாம் இல்லீங்க. தினமும் கோடிக்கணக்குல முட்டை லாரி ஏறுற ஊரு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்குச் சொல்ற விலையப் பேப்பர்ல பாத்துட்டுத்தான் எங்க பக்கம் பலருக்குக் காலைல காப்பியே இறங்கும். அஞ்சு பைசா ஏறுனா சிரிப்பு, பத்து பைசா இறங்குனா மூஞ்சி தொங்கிரும்.

இப்படி முட்டைய எண்ணியே வளந்தவன், முட்டைக்கு விலையே இல்லாத ஒரு ஹேச்சரிக்காக ராத்திரி கண்ணு முழிச்ச கதை இது. விலை இல்லைங்கறது மட்டுமில்ல, வித்தா பிடிச்சு உள்ள வெச்சிருவாங்க. ஏன்னா அது ஆமை முட்டை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, புலி இருக்கற அதே பட்டியல்.

வேலைக்காகச் சென்னையில இருந்தப்ப ரெண்டு சீசன் போனேன். பங்குனி ஆமைன்னு நம்மாளுங்க சொல்ற ஆலிவ் ரிட்லி ஆமை, ஜனவரியிலருந்து ஏப்ரல் வரைக்கும் சென்னைக் கரையில முட்டை போட வரும். 1970கள்லயே ராமுலஸ் விட்டேகரும் கூட்டாளிகளும் ராத்திரி நடந்து அந்த முட்டைய எடுத்துப் பாதுகாக்க ஆரம்பிச்சாங்க. 1988லருந்து அந்த வேலைய எடுத்துச் செய்யறது 'ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்'ங்கற தன்னார்வலர் அமைப்பு. சம்பளம் கிடையாது. நீலாங்கரையிலருந்து பெசன்ட் நகர் வரைக்கும் சுமார் 7 கிலோமீட்டர், மணல்ல நடக்கணும், அதுவும் நடுராத்திரி. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. மறுநாள் ஆபீஸ்ல தூங்கி விழறதுக்கு யாரும் லீவு தரமாட்டாங்க :-)

டிராக்டர் டயர் உருண்ட மாதிரி மணல்ல தடம் தெரிஞ்சா, ஆமை வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். அனுபவப்பட்டவங்க ஒரு கம்பிய மெதுவா எறக்கி எங்க மண்ணு இளகியிருக்குன்னு கண்டுபிடிப்பாங்க. ஒன்றரை அடி ஆழத்துல, குடுவை மாதிரி ஒரு குழி. உள்ள நூறு, நூத்திப்பத்து முட்டை. பிங்பாங் பந்து சைசு, ஆனா ஓடு தோல் மாதிரி மெத்துனு இருக்கும். ஒவ்வொண்ணா எண்ணித் துணிப்பையில வெச்சு, குழியோட அளவையும் எடுத்துக்கிட்டு, பெசன்ட் நகர்ல வேலி போட்ட இடத்துல அதே அளவுக்குக் குழி தோண்டித் திரும்பப் புதைக்கணும். அங்கயே விட்டா நாய் தோண்டிரும், மனுசன் தோண்டிருவான். தப்பிப் பொரிஞ்சாலும், குஞ்சுங்க வெளிச்சத்தப் பாத்து நடக்கற சாதி. ஒரு காலத்துல கரையில வெளிச்சமா இருந்தது கடல் பக்கம் மட்டுந்தான். இப்ப ரோட்டு லைட்டு. குஞ்சு கடலுக்கு முதுகக் காட்டிட்டு ரோட்டுக்கு நடக்கும்.

ஊருக்கு வந்து இதையெல்லாம் சித்தப்பாகிட்டச் சொன்னேன். கோழிக்குஞ்சு பொரிக்கற ஹேச்சரியில பல வருசம் வேலை பாத்தவரு. அவர் கேட்ட மொதக் கேள்வியே தொழில்காரன் கேள்வி.

"ஏங்கண்ணு, முட்டைய மணிக்கொருக்காத் திருப்பி விடறதுக்கு அங்க மிசினு இருக்குதா?"

"திருப்பவே கூடாதுங் சித்தப்பா. திருப்புனா கரு செத்துரும்."

மனுசன் ஆடிப்போயிட்டாரு. கோழி முட்டையத் திருப்பாம விட்டா கரு ஓட்டுல ஒட்டிக்கும், அப்புறம் பொரியாது. ஆமை முட்டையில கரு ஓட்டோட மேல்பக்கம் ஒட்டித்தான் வளரும். அதனால முட்டை போட்ட சில மணி நேரத்துக்குள்ள, உருட்டாம, கொண்டு போய்ச் சேத்தரணும். கோழிக்கு 21 நாள். ஆமைக்கு ஏறக்குறைய 45லருந்து 60 நாள், மணல் சூட்டப் பொறுத்து. இன்னொண்ணு, சேவலா பொட்டையாங்கறது கோழிக்குக் கருவுலயே முடிவாயிரும். ஆமைக்கு அத முடிவு பண்றது மணலோட சூடு. சூடு கூடுனா பொட்டை, குறைஞ்சா ஆண்.

எல்லாம் கேட்டுட்டு அவர் கேட்ட ரெண்டாவது கேள்விதான் இந்தப் பதிவையே எழுத வெச்சுது.

"சரி, கடல்ல உட்டதுல எத்தன தேறும்?"

ஆராய்ச்சியாளர்கள் பொதுவா சொல்ற கணக்கு, ஆயிரத்துல ஒண்ணு. சொன்னேன்.

"ஆயிரத்துக்கு ஒண்ணா! நம்மூர்ல இருந்தா பண்ணைய மூடிட்டு வேற வேலையப் பாரும்பாங்களே சாமி."

அப்ப சிரிச்சு மழுப்பிட்டேன். 2025 ஜனவரியில அந்தக் கேள்வி வேற மாதிரி திரும்பி வந்துச்சு. சென்னையிலயும் பக்கத்துக் கரையிலயும் ஆயிரத்துக்கும் மேல ஆமை செத்து ஒதுங்குச்சு. குஞ்சு இல்லீங்க, முட்டை போட வந்த பெரிய ஆமைங்க. கரைக்குப் பக்கத்துல இழுவை மடி போடற படகுகள்தான் காரணம்னு சொன்னாங்க. ஆமை தண்ணிக்குள்ள மூச்சு விடற உயிர் இல்ல, மேல வந்துதான் மூச்சு வாங்கணும். வலைக்குள்ள மாட்டி மேல வர முடியலன்னா மூச்சு முட்டிச் செத்துரும். கரையிலருந்து 5 கடல் மைலுக்குள்ள அந்தப் படகுங்க வரக் கூடாதுன்னு விதி இருக்கு. விதி இருந்தும் இப்படி.

நாமக்கல்காரன் கணக்கு போடாம இருப்பானா? போட்டேன். ஆயிரத்துல ஒரு குஞ்சுதான் பெருசாகும்னா, ஆயிரம் பெரிய ஆமைங்கறது 10 லட்சம் குஞ்சு. கூட்டுக்கு 100 குஞ்சுன்னு வெச்சா 10,000 கூடு. வருசத்துக்கு 200 கூடு எடுத்துக் காப்பாத்தறாங்கன்னு வெச்சுக்கங்க, 50 வருசம் நடக்கணும். 1988லருந்து எண்ணுனாக்கூட 50 வருசம் இன்னும் ஆகல. ஒரே மாசத்துல போயிருச்சு.

கணக்கப் போட்டு முடிச்சதும் ரெண்டு நாளைக்கு யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. ராத்திரி நடந்ததெல்லாம் வீணான்னு தோணுச்சு.

அப்புறம் ஒண்ணு உறைச்சுது. அந்த ஆயிரங்கற எண்ணிக்கை எப்படி வெளிய வந்துச்சு? ராத்திரி கூடு தேடி நடக்கறவங்கதான் வழியில கிடக்கற சடலத்தையும் எண்ணிக் குறிச்சு வெக்கறாங்க. நான் நடந்தப்பவும் ஒவ்வொரு செத்த ஆமைக்கும் இடம், நேரம் எழுதுனோம். கையில நோட்டோட கரையில ஆள் நடக்கலன்னா, அது "நாலஞ்சு ஆமை ஒதுங்குச்சாம்"னு பேச்சோட போயிருக்கும். எண்ணிக்கை இருந்ததாலதான் பேப்பர்ல வந்துச்சு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து கையில எடுத்துச்சு. அப்ப ஹேச்சரியில பொரியறது குஞ்சு மட்டும் இல்ல. சாட்சியும் பொரியுது.

சித்தப்பாவுக்கு இப்ப பதில் சொல்ல முடியும். ஆயிரத்துல ஒண்ணுதான் தேறும்ங்கறது பண்ணைய மூடறதுக்குக் காரணம் இல்லீங்க. தேறுன அந்த ஒண்ணு எவ்வளவு பெறுமானம்னு சொல்ற விலைச்சீட்டு அது. அதைக் காப்பாத்தற வேலை ஹேச்சரி வேலிக்குள்ள முடியாது, வலையிலதான் முடியும். ஆமை தப்பிக்கறதுக்கு வலையில வழி வெச்ச சாதனம் இருக்கு. மீன் கொஞ்சம் போயிருமோன்னு படகுக்காரங்களுக்குத் தயக்கம். அவங்களும் டீசல் விலையில முழி பிதுங்கறவங்க, வெறுமனே திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஆனா ஐஸ் பொட்டியில நம்மூர் சந்தைக்கு வர்ற கடல் மீனைத் தின்கிற நமக்கும் இதுல பங்கு இருக்கு. நானும் தின்கிறவன்தான்.

சென்னையில இருக்கற மக்களே, ஜனவரி பிறந்ததும் ஒரு ராத்திரி போய் நடந்து பாருங்க. இருட்டுக் கலர் சட்டை, கேமரா ஃபிளாஷ் வேண்டாம், தண்ணி பாட்டில் ஒண்ணு. ஆமை கண்ணுல படலன்னாலும் பரவாயில்ல. எண்ணறதுக்கு ஒரு ஆள் கூடுனாலே லாபம்.