கேப்டனின் 182 நாள்

மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருப்பவனிடம் விமானிகள் வருவது இயல்பு. வருமான வரிக் கணக்கோடு வருவார்கள், கொஞ்ச நேரத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். சில வருஷங்களாக அந்தப் பேச்சு ஒரே விஷயத்தைத்தான் சுற்றிவருகிறது. வெளிநாட்டு விமான நிறுவனத்தில் ஒப்பந்த வேலை; ஆனால் குடும்பத்தைப் பெயர்க்க வேண்டாம், சென்னையில் இருந்தபடியே போய்வரலாம். 'ஹோம் பேஸ்' என்று அதற்குப் பெயர். டாலரில் சம்பளம், நங்கநல்லூரில் சாப்பாடு. யாருக்குத்தான் கசக்கும்?

பேராசை என்று சொல்லி இதை ஒதுக்கிவிட எனக்கு மனசு வராது. 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் கிளம்பியது. அதற்கு முன்பே அங்கே விமானிகளுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கழுத்தில் இருக்கும்போது இதையெல்லாம் பார்த்தவன், இன்னொரு நாட்டு நிறுவனத்தின் கடிதம் வந்தால் பிரித்துப் படிக்காமல் என்ன செய்வான்? வளைகுடாவுக்கே குடிபெயர்ந்தால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் நிறுவனம் தரும் என்பது உண்மைதான். ஆனால் வயதான பெற்றோர் இங்கே, மனைவியின் வேலை இங்கே, பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இங்கே. அவர்களுக்காகத்தான் ஹோம் பேஸ்.

சிக்கல் என்னவென்றால் அந்த ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்பனையாகிறது. ஒன்று நிஜமான பேஸ். வேலை உங்கள் ஊர் விமான நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடியும். ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் பல ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இப்படி விமானிகளை வைத்திருந்தது. மற்றது 'கம்யூட்டிங்' ஒப்பந்தம். வேலை அங்கேதான், நான்கு வாரம் ஓட்டினால் நான்கு வாரம் விடுப்பு, அல்லது ஆறு வாரத்துக்கு மூன்று வாரம். வந்துபோக டிக்கெட் உண்டு. 2010-களில் சீன நிறுவனங்கள் வெளிநாட்டுக் கேப்டன்களை இந்த வகையில்தான் வளைத்துப் போட்டன. ஆண்டுக்கு 3 லட்சம் டாலரைத் தாண்டிய விளம்பரங்கள் அப்போது வந்தன. ஆள் எடுக்கும் ஏஜென்ட் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார். அவர் பிழைப்பு அது.

ஒரு கேப்டன் மனைவியோடு வந்திருந்தார். நாற்பதைத் தொட்ட வயது, ஏர்பஸ் ஓட்டுகிறவர். அந்த அம்மா வங்கியில் வேலை பார்ப்பவர். ஒப்பந்தத்தை எனக்கு முன்பே படித்து ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்.

"ஆடிட்டர் சார், இவர் எத்தனை ராத்திரி வீட்ல இருப்பார்னு இதுல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

கேப்டன் சிரித்துக்கொண்டே ஒரு வரியைக் காட்டினார். நான்கு வாரம் பணி, நான்கு வாரம் விடுப்பு.

"இதுல வர்ற நாளும் போற நாளும் சேர்த்தியா?"

சேர்த்திதான். அது மட்டுமில்லை, டிக்கெட் என்று போட்டிருந்தது உறுதிசெய்த இருக்கை இல்லை. காலி இருந்தால் ஏறலாம் என்கிற ஸ்டேண்ட்பை. தீபாவளிக்கும் மே மாத விடுமுறைக்கும் சென்னை விமானங்கள் எப்படி நிரம்பி வழியும் என்று விமானிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பணிக்குத் தாமதமானால் வேலைக்கே உலை. அதனால் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்ப வேண்டும். அந்த இரண்டு நாளும் வீட்டுக் கணக்கில்தான் கழியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சிமுலேட்டர் தேர்வும், மருத்துவப் பரிசோதனையும், இங்கே இந்திய லைசென்ஸ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் விடுப்பில்தான் நுழையும். அம்மா கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு பென்சிலைக் கீழே வைத்தார். கேப்டன் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

அடுத்தது என் பாடு. வருஷத்துக்கு 52 வாரம், பாதி 26. ஏழால் பெருக்கினால் 182. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கியவரை வருமான வரிச் சட்டம் இந்தியாவில் வசிப்பவராகவே எடுத்துக்கொள்ளும். இத்தனை வருஷமும் இங்கேயே வாழ்ந்தவர் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். நாலுக்கு நாலு வாரம் என்கிற கவர்ச்சியான ஒப்பந்தம் ஆளைக் கொண்டுபோய் மிகச் சரியாக அந்த வாசற்படியில் நிறுத்துகிறது. வந்த நாளையும் கிளம்பிய நாளையும் இந்திய நாளாகவே எண்ணுவதுதான் எச்சரிக்கையான வழி. ஆக, வரியில்லாச் சம்பளம் என்று ஏஜென்ட் சொன்னதில் உச்ச வரம்பான 30 சதவீதமும் அதன் மேல் சர்சார்ஜும் போய்விடலாம். தப்பிக்க வேண்டுமானால் வீட்டிலிருந்து சில நாள் முன்னதாகவே கிளம்பி எங்கேயாவது போய் உட்கார வேண்டும். வீட்டில் இருப்பதற்காக எடுத்த வேலை, வீட்டில் இருக்காதே என்று விரட்டுகிறது!

ஆறுக்கு மூன்று வாரம் என்றால்? வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு, 121 அல்லது 122 நாள். 2020-ல் வந்த திருத்தம், இந்தியாவில் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 120 நாள் என்று இன்னொரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. அதைத் தாண்டி, முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளாவது இங்கே இருந்திருந்தால் அவரும் வசிப்பவரே. ஆனால் சாதாரணமாக வசிக்காதவர் என்ற வகையில் அடங்குவதால் வெளிநாட்டுச் சம்பளம் பொதுவாகத் தப்பும். எனக்குப் படிவ வேலைதான் கூடும், அதற்குக் கட்டணமும் உண்டு.

இந்த நாள்களை எண்ணுவதே தனிக் கலை. விமானத்தைத் தானே ஓட்டி வந்து இறங்கும் விமானிக்குப் பல நாடுகளில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. பணியாளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பயணியாக வந்தால் விழும். ஆகவே பாஸ்போர்ட்டை மட்டும் நம்பி எண்ணினால் தப்பு வரும். மேஜையில் பாஸ்போர்ட், லாக் புக், மாதாந்திர ரோஸ்டர் மூன்றையும் பரப்பி, இந்திய நாளுக்கு ஒரு வண்ணமும் வெளி நாளுக்கு ஒரு வண்ணமுமாகக் காலண்டரில் அடித்துக்கொண்டே போவேன். நள்ளிரவு தாண்டி இறங்கிய விமானங்களில்தான் தகராறு. விண்ணில் எங்கே இருந்தார் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் மனிதர், தரையில் எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்று கேட்டால் மனைவியைப் பார்ப்பார்.

வரி போனால் போகட்டும் என்று விடலாம். என்னைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து ஒப்பந்தத்தின் பின்பகுதியில் ஒரே ஒரு வாக்கியமாக இருக்கும்: நிறுவனத்தின் தேவைக்கேற்பப் பணியிடத்தையும் பணிச் சுழற்சியையும் மாற்றலாம். கேத்தே பசிபிக் 2021-ல், கொரோனா நஷ்டத்தின் நடுவே, கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த விமானி பேஸ்களை மூடும் முடிவுக்கு வந்தது. பெயரும் பணமும் உள்ள நிறுவனமே அப்படிச் செய்யும் என்றால், நடுவில் ஓர் ஏஜென்சியை வைத்து, வேலை கொடுப்பவரே அந்த ஏஜென்சிதான் என்று எழுதிக் கொடுப்பவர்கள் என்ன செய்ய மாட்டார்கள்? அந்த வகை ஒப்பந்தத்தில் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை என்ற பேச்சே இருக்காது. உடல்நிலை காரணமாக லைசென்ஸ் போனால் அன்றோடு சரி. அதற்கான காப்பீட்டைச் சொந்தக் காசில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிரீமியத்தைக் கழித்துப் பார்த்துத்தான் சம்பளத்தை ஒப்பிட வேண்டும். கப்பல் வேலைக்குப் போன தூத்துக்குடிக்காரர்களைக் கேட்டால் இதெல்லாம் புதுசில்லை என்பார்கள். அவர்களுக்கு யாரும் ஹோம் பேஸ் என்று பெயர் வைத்து விற்கவில்லை, அவ்வளவுதான்.

கிளம்புவதும் அத்தனை சுலபமில்லை. 2017 முதல் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். 2023-ல் ஆகாசா ஏரிலிருந்து 40-க்கும் மேற்பட்ட விமானிகள் இதை முடிக்காமல் போனார்கள் என்று அந்த நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்துக்கே போயிற்று. ஓராண்டு காத்திருக்க எந்த வெளிநாட்டு நிறுவனமும் எளிதில் சம்மதிக்காது. சம்மதித்தாலும், அந்த ஓராண்டுக்குள் அவர்கள் மனசு மாறினால் நம்மாள் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பார். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்ந்தது. அந்தப் புது விதிகளுக்கு ஏற்ப ஆள் போதாமல் 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துசெய்தது. உள்ளூரில் கேப்டனுக்குத் தேவை கூடியிருக்கிறது, ஓய்வும் கூடியிருக்கிறது. பேரம் பேசும் இடம் இங்கேயும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் போகலாமா என்று கேட்டால், சிலருக்குப் போகலாம் என்றே சொல்வேன். பிள்ளைகள் வளர்ந்து, கடன் அடைந்து, ஓய்வுக்கு முன் கொஞ்சம் சேர்க்க நினைக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு இது நல்ல வேலை. திடீரென்று நின்றாலும் அவர் வீடு கவிழாது. நாற்பது வயதில், கைக்குழந்தையோடு, வீட்டுக் கடனின் மூன்றாம் வருஷத்தில் இருப்பவருக்கு வேண்டாம். ஹோம் பேஸ் என்பது ஒப்பந்தக் காலம் முழுவதும் மாற்ற முடியாதது என்று எழுத்தில் இல்லையென்றால், அப்படி ஒரு சலுகையே இல்லை என்று வைத்துக்கொண்டு, வெறும் சம்பளத்தை மட்டும் எடை போடுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே ஆசை விட்டுப்போகும்.

ராஜினாமா கடிதத்தை நீட்டுவதற்கு முன் அந்த ஒப்பந்தத்தை முழுசாக மனைவியிடம் கொடுங்கள், பென்சிலும் சேர்த்து. அவர் குறி போட்ட பிறகு என்னைப் போன்ற ஆடிட்டரிடம் வாருங்கள்.