சிவப்புக் கரை தேடி ஜப்பானில்

டோக்கியோவின் கோயென்ஜியில் ரயிலை விட்டு இறங்கினால் சந்துக்குச் சந்து பழைய துணிக் கடைகள். ஒரு கடையில் முழங்கால் கிழிந்து, தொடை வெளுத்த ஜீன்ஸ் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நகைபோல் வைத்திருந்தார்கள். விலை பல லட்சம் யென்!

கடைக்காரப் பெரியவர் இன்னொன்றை எடுத்து, கால் முனையை வெளிப்பக்கம் மடித்துக் காட்டினார். வெள்ளைக் கரை, அதில் மெல்லிய சிவப்புக் கோடு. அம்பாசமுத்திரத்தில் வேட்டி எடுக்கப் போகும்போதெல்லாம் ஆச்சி, "முதல்ல கரையப் பாருல" என்பாள். நாடா குறுக்கே ஓடித் திரும்பும் தறியில்தான் இப்படிப் பிரியாத கரை விழும். அதில் நெய்யும் டெனிம் என்ற ஜீன்ஸ் துணி முப்பது அங்குல அகலத்துக்குள் அடங்கிவிடும். லீவைஸ் கம்பெனிக்கு இதை நெய்தது அமெரிக்காவின் கோன் மில்ஸ். அகலத் தறிகள் வந்து, 1980-களில் இந்தக் கோடு மறைந்துபோனது.

ஜீன்ஸின் வயதைக் கண்டுபிடிக்கும் வித்தையையும் பெரியவரே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பின் பாக்கெட்டின் சிவப்புப் பட்டியில் லீவைஸ் என்ற பெயரின் ஆங்கில 'ஈ' பெரிய எழுத்தாக இருந்தால் அது 1971-க்கு முந்தியது. அந்தப் பாக்கெட்டின் குமிழ் ஆணிகள் துணிக்குள் மறைந்திருந்தால் 1937-க்கும் 1966-க்கும் இடைப்பட்டது. என்னை அதைவிட இழுத்தது வெளுப்புதான். பாவு நூலைக் கயிறாகச் சேர்த்து நீலத்தில் முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்குகிறார்கள். மேலே நீலம் ஏறுகிறதே தவிர நூலின் நடு வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. உடுத்தியவன் எங்கே மடங்கி உட்கார்ந்தான், எந்தப் பையில் பர்ஸ் வைத்தான் என்பதெல்லாம் உதிர்ந்த நீலத்தில் தெரிகிறது. முகம் தெரியாத ஓர் அமெரிக்கத் தொழிலாளியின் உழைப்பை நான் விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் கோடும் சின்ன 'ஈ'யும் உள்ள 1970-களின் ஜீன்ஸ் ஒன்று என் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது.

அந்தக் கரையை இன்றும் நெய்கிறார்கள் என்று கேட்டு ஒகயாமா பக்கம் கோஜிமாவுக்குப் போனேன். கடலைத் தூர்த்து உண்டாக்கிய உப்பு மண். நெல்லுக்கு ஆகாதென்று பருத்தி போட்ட ஊர். பிறகு பள்ளிச் சீருடை தைத்தார்கள். 1965-இல் மாருவோ என்ற கம்பெனி அமெரிக்க டெனிமை வாங்கி இங்கே ஜீன்ஸ் தைத்தது. 1973-இல் குராபோ மில் ஜப்பானிலேயே டெனிம் நெய்துவிட்டது. உலகம் பழைய இரும்புக்குப் போட்ட நாடாத் தறிகளை இந்தப் பகுதியின் சிறு நெசவாளர்கள் எண்ணெய் விட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெருவின் குறுக்கே, தலைக்கு மேலே, கொடியில் ஜீன்ஸ்கள் ஆடுகின்றன. ரயில் நிலையப் படிக்கட்டில்கூட ஜீன்ஸ் படம்தான்.

எனக்குத் தாமிரபரணிக் கரை நினைவுக்கு வந்தது. பாபநாசத்தில் ஆற்று நீரின் விசையைக் கொண்டு 1885 வாக்கில் நூற்கத் தொடங்கிய ஹார்வி மில்லைச் சுற்றித்தான் விக்கிரமசிங்கபுரம் வளர்ந்தது. கொஞ்சம் கிழக்கே வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோஜிமாவுக்கு ஒரு துணிக்காக ரயில் ஏறி வருகிறார்கள். தறிக்காரரை நிறுத்திப் பேசி, கரையைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே வாங்குகிறார்கள். நெல்லை ஜங்ஷனில் இறங்கி வீரவநல்லூருக்கு வழி கேட்கும் வெளியூர்க்காரரை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். சேரன்மகாதேவி வழி பஸ் இருக்கிறது, செங்கோட்டை ரயிலும் அங்கே நிற்கும்.