அமுக்காமல் அளக்கப் பழகுதல்

பட்டறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கையில் நான் முதலில் கொடுப்பது அரம். ஒரு மைல்டு ஸ்டீல் கட்டையை வைஸில் பிடித்து, ஆறு பக்கமும் மட்டமாக, மூலைமட்டத்துக்குப் பொருந்த ராவ வேண்டும். இரண்டாம் நாளே யாராவது கேட்டுவிடுவார்கள்: "சார், சிஎன்சி மெஷின் பத்து நிமிஷத்துல செய்றத நாங்க எதுக்கு ஒரு வாரம் ராவணும்? எந்த கம்பெனியில இதுக்கு வேலை குடுக்கிறாங்க?"

நியாயமான கேள்விதான். ராவத் தெரியும் என்பதற்காக மட்டும் இன்று சிங்கப்பூரில் யாரும் சம்பளம் தரப்போவதில்லை.

இருந்தாலும் ராவச் சொல்வேன். அரத்தைத் தள்ளத் தொடங்கும்போது பாரம் இடது கையில் இருக்க வேண்டும். அரம் முன்னே போகப் போக அது வலது கைக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அரம் ஏற்றமரம் மாதிரி ஆடும், கட்டையின் நடுவில் முதுகு விழும். திரும்பி இழுக்கையில் அழுத்தவே கூடாது, பல் மழுங்கிவிடும். பல்லிடுக்கில் இரும்புத் தூள் அடைத்தால் பரப்பில் கீறல் விழும். அதற்காக முன்பே அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்வோம். ராவிய முகத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. கையெண்ணெய் பட்ட இடத்தில் அரம் கடிக்காமல் வழுக்கும். இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வராதது அளப்பது. 50 மில்லிமீட்டர் வரவேண்டிய கட்டை 50.04இல் நிற்கும். மணி ஐந்தாகப் போகிறது. வெர்னியரின் தாடையைக் கட்டைவிரலால் கொஞ்சம் அமுக்கினால் 50.00 காட்டிவிடும். பையன் ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை. விரலே தானாகச் செய்துவிடுகிறது. மைக்ரோமீட்டரின் வாலில் ராட்செட் வைத்திருப்பது இதற்குத்தான். யார் திருகினாலும் ஒரே அழுத்தம், அதன்பின் டிக் டிக்கென்று சொடுக்கி நழுவிவிடும். அவசரக்காரர்கள் ராட்செட்டை விட்டுவிட்டு உருளையையே பிடித்து இறுக்குவார்கள்.

என் மாஸ்டர், 1972இல் தொடங்கிய டாட்டா அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் தேறி வந்தவர். யாராவது உருளையை இறுக்குவதைக் கண்டால் கையைத் தட்டிவிட்டுச் சொல்வார்: "எவ்வளவு இருக்குன்னு அதைக் கேளு தம்பி. எவ்வளவு இருக்கணும்னு நீ அதுக்குச் சொல்லாதே." அதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அவர் காலத்தில் ரோலை கேமராக் கம்பெனிக்கென்றே இங்கே தனிப் பயிற்சி நிலையம் இருந்தது. 1981இல் ரோலை மூடியது. அடுத்த ஆண்டு சீகேட் வந்தது. பிறகு 2009இல், எங்கள் ஆங் மோ கியோவில் இருந்த ஹார்ட் டிஸ்க் ஆலையை மூடப்போவதாக அதே சீகேட் அறிவித்தது. ஏறத்தாழ 2,000 வேலைகள். கேமராவும் போயிற்று, வட்டும் போயிற்று. வேலைக்கென்றே அளவெடுத்துத் தைத்த படிப்பு அந்த வேலையோடு போய்விடும் என்று மாஸ்டருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நோட்டுப் புத்தகத்தில் அப்படியொரு கட்டம் போடச் சொல்லியிருக்க மாட்டார்.

வர வேண்டிய அளவு, வந்த அளவு, அடுத்து 'ஏன்' என்று ஒரு கட்டம். அதில் "தவறிவிட்டது" என்று எழுதினால் நோட்டு திரும்பி வரும். "ராவிய சூட்டோடு அளந்தேன்" என்று எழுதினால் ஒப்புக்கொள்வார். அளவுகளுக்கு உலகம் முழுக்க 20 டிகிரிதான் கணக்கு. நம் பட்டறை 30இல் இருக்கும், கையில் பிடித்த இரும்பு அதற்கும் மேலே. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், ஆனால் முழு வாக்கியமாக எழுத வேண்டும். வாக்கியம் வராதவர்களை நூலகத்துக்குப் போகச் சொல்வார். ஆங் மோ கியோ நூலகத்தின் தமிழ் அலமாரி எனக்குப் பழகியது அப்படித்தான். ஷிப்டு முடிந்த கையோடு, கூலன்ட் வாடை போகாத சட்டையில், அங்கே நாவல் படித்திருக்கிறேன். அங்கே நடக்கும் வாசகர் வட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பதவி உயர்வுக்கு அது ஒன்றும் உதவவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

2016இலிருந்து, பயிற்சிக்கென்று அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை வைத்துக்கொண்டு நாற்பது ஐம்பது வயதுக்காரர்களும் வருகிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களும் முதலில் கேட்பது "எதுக்கு டிமாண்ட் அதிகம்?" என்றுதான். ஒருவர் பல வருஷம் ஒரே அசெம்பிளி வரிசையில் நின்றவர். முதல் வாரம் அவருடைய 'ஏன்' கட்டம் காலியாகவே இருந்தது. "இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் ஏன்னு கேட்டதில்லை அண்ணே" என்றார். பிறகு எழுதத் தொடங்கினார், பக்கம் பக்கமாக. சூப்பர்வைசர் செய்தது, யூனியன் செய்தது, தான் செய்யாமல் விட்டது என்று கட்டையைத் தாண்டியும் போனது. திருத்தாமல் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பயிற்சி முடிந்ததும் அவர் இயந்திர வேலைக்கு வரவில்லை, மருத்துவமனை ஒன்றில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். கணக்குப்படி பார்த்தால் என் பயிற்சி அவரிடம் வீண். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ராவுவதற்கு ஒதுக்கும் மணிநேரம் பாடத்திட்டத்தில் குறைந்துகொண்டே வருகிறது. கிடைக்கிற நேரத்தில் செய்கிறேன். வருகிறவர்கள் மூடிய காலணியும் கோடு போட்ட நோட்டும் கொண்டு வாருங்கள். அரமும் சாக்பீஸும் இங்கே இருக்கின்றன. கால்குலேட்டர் இப்போதைக்கு வேண்டாம்.