ஒவ்வொன்றாய்க் கேளேல்!

எல்லையூரில் பிறந்தவனுக்குக் காத்திருத்தல் ஏட்டில் படித்தறியும் பாடமன்று. கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில் கேரளத்தின் வாயிலாய் நிற்பது எங்கள் வாளையார். சரக்கு, சேவை வரி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சோதனை ஒழியும்வரை, அங்கே லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. லாரி ஓட்டிய என் தாய்மாமன் பொழுதுகள் பல அந்த வரிசையிலேயே கழிந்தன.

அந்த நினைவோடுதான் நான் நிரல் எழுதப் பயில்கிறேன். 'லாரி' என்றொரு கிளாஸ் அமைக்கிறோம். எண்ணைக் கொடுத்தால், தரவுத்தளத்திலிருந்து தன் பதிவைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு லாரிக்கு இது அழகே! 500 லாரிகளின் பட்டியல் வேண்டுமெனில்? எண்களைப் பெற ஒரு வினவல். பின்னர் லாரிக்கு ஒன்று. ஆக 501 வினவல்கள். ஒருமுறை போய்வர 20 மில்லிநொடி எனக் கொண்டால், பத்து நொடிக்கு மேல் ஆகும். கணிப்பொறிக்குள்ளும் ஒரு வாளையார் வரிசை!

மாற்று யாது? லாரி தன்னை மட்டும் அறியட்டும். எடை, உரிமம், வரி ஆகியவை அதன் பொறுப்பு. பலவற்றைத் திரட்டும் வேலையை 'லாரிக் களஞ்சியம்' எனும் வேறொரு கிளாஸிடம் ஒப்படைப்போம். அது ஒரே வினவலில் 500 பதிவுகளையும் பெற்று, ஒவ்வொன்றையும் லாரிப் பொருளாக்கிப் பட்டியலாய்த் தரும். உரிமையாளர் விவரமும் வேண்டுமா? அவர்தம் எண்களைத் திரட்டி இரண்டாவது வினவல் ஒன்று போதும். பதிவுகள் இலட்சக்கணக்கில் இருப்பின் நினைவகம் தாங்காது. ஆயிரம் ஆயிரமாய்ப் பகுத்துக் கேட்கட்டும்.

"சின்ன வேலைக்கு ஏனடா இரண்டு கிளாஸ்?" என்றான் உடன் பயிலும் தோழன். நியாயமான கேள்விதான். சிறு நிரலாயின், லாரிக் கிளாஸிலேயே பலவற்றை ஒருங்கே தேடித்தரும் செயற்கூறு ஒன்று வைத்தாலும் தகும். நிரல் வளர்ந்தால் களஞ்சியமே நன்று. தரவுத்தளம் இன்றியே லாரியின் வரிக்கணக்கைச் சோதித்துப் பார்க்கலாம் அன்றோ? மார்ட்டின் ஃபவுலர் 2002-இல் வெளியிட்ட நூலில் இவ்விரு முறைகளையும் 'ஆக்டிவ் ரெக்கார்ட்', 'ரெப்பாசிட்டரி' எனும் பெயர்களில் விளக்கினார். எம்முறையாயினும், 1970-இல் எட்கர் காட் வகுத்துரைத்த தரவுத்தள நெறி, பதிவுகளைக் கூட்டமாகவே கையாள்வது. அதனிடம் ஒவ்வொன்றாய்க் கேட்பானேன்?

தோழர்களே! நாளை நாம் மருத்துவமனைக்கும், ரேஷன் கடைக்கும், வங்கிக்கும் நிரல் எழுதுவோம். நாம் வீணாக்கும் நொடிகளைச் சுமந்து நிற்பவர் அங்கே வரிசையில் நிற்கும் எளியவரே. அவருக்கு நம் கிளாஸும் தெரியாது, களஞ்சியமும் தெரியாது. கால் வலி மட்டுமே தெரியும். அதை நினைந்து எழுதுவோம்!